ஏ.சி. போட்டதும் ஐடிலில் வண்டி குலுங்குகிறது: எதை முதலில் சோதிப்பது?

சாலைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். மேனுவல் கியர், எலக்ட்ரானிக் திராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மடல்), 90,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியிருக்கிறது. ஏ.சி. போடாமல் நிறுத்தி வைத்திருக்கும்போது ஐடில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) 750 ஆர்.பி.எம்.மில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது; எஞ்சின் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். ஏ.சி. பொத்தானை அழுத்தியதும், கம்ப்ரசர் பிடிக்கும் ‘டக்’ என்ற சத்தத்தோடு முள் 600-க்கு அருகே இறங்கி, பிறகு 850 வரை ஏறி, கடைசியில் 800-ல் நிலைக்கிறது. முள் நிலைத்தாலும் வண்டி நிலைப்பதில்லை. ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் சீரில்லாத ஒரு குலுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டை உள்கண்ணாடியில் படிக்க முடியாத அளவுக்குக் கண்ணாடி ஆடுகிறது. கம்ப்ரசர் விட்ட அடுத்த நொடியே எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஓடும்போது குறை எதுவும் தெரியவில்லை. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். அண்மையில் திராட்டில் பாடியையும் சுத்தம் செய்தாயிற்று. இப்போது ஒருவர் எஞ்சின் மவுண்டிங்கை (எஞ்சினைத் தாங்கும் ரப்பரை) மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் கம்ப்ரசர் இறுகிவிட்டது என்கிறார், மூன்றாமவர், ஏ.சி. போட்டால் சிறிய எஞ்சின் இப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள் என்கிறார். கையில், காரின் கணினித் தரவைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. பணத்தைக் கொட்டுவதற்கு முன் எந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்து பார்க்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

மூன்றாமவர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கம்ப்ரசரின் சுமையை ஐடிலில் தாங்குவதற்காகவே, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்குள் தனி ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியவுடன் கம்ப்ரசர் நேரடியாகப் பிடித்துவிடுவதில்லை. பொத்தானிலிருந்து ஈ.சி.யூ.வுக்கு ஒரு கோரிக்கை போகிறது. அது ஏ.சி. கேஸின் அழுத்தத்தையும் எஞ்சின் வெப்பத்தையும் பார்த்து, திராட்டிலைச் சற்றே திறந்து, வரப்போகும் சுமைக்கு எஞ்சினைத் தயார்படுத்திய பிறகுதான் கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச்சுக்கு மின்சாரம் தருகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் முள் லேசாகத் தாழ்ந்து ஒரு நொடிக்குள் மீண்டுவிடும். அதன் பிறகு மெல்லிய உறுமல் கூடியிருக்கலாமே தவிர, கண்ணாடி ஆடக் கூடாது.

உங்கள் விவரிப்பில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கம்ப்ரசர் பிடிக்கும் கணத்தில் முள் 150 ஆர்.பி.எம். விழுவது ஒன்று, முள் 800-ல் நிலைத்த பிறகும் குலுக்கம் தொடர்வது மற்றொன்று. முதலாவது, சுமை வருவதற்குள் போதுமான காற்று உள்ளே போகவில்லை என்பதைக் காட்டுகிறது. திராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு, அழுக்கிருந்த காலத்தில் ஈ.சி.யூ. கற்றுவைத்திருந்த திறப்பு அளவு இப்போது பொருந்தாமல் போயிருக்கலாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் உங்களை வருத்துவது. அதற்கு மூலம் எஞ்சினுக்குள்ளேயா, எஞ்சினைத் தாங்கும் ரப்பரிலா, ஏ.சி. பக்கத்திலா என்று பிரித்தறிந்தாக வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை மிக மெல்ல அழுத்தி முள்ளை 800-ல் பிடித்து நிறுத்துங்கள். அப்போது குலுக்கம் இல்லையென்றால், அந்த வேகம் வண்டியின் உடலோடு ஒத்து அதிரும் வேகமாக இருப்பதால் வரும் நடுக்கம் என்ற வாதம் அடிபட்டுப்போகிறது. அடுத்து, ஏ.சி. பொத்தானைத் தொடாமல் ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், உச்ச வேகத்தில் புளோயர் ஆகியவற்றை ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் வழியாக வரும் அந்தச் சுமையிலும், குறைவாகவேனும், அதே தாளத்தில் குலுங்கினால் கம்ப்ரசர் குற்றவாளி அல்ல. எந்தச் சுமையையும் தாங்க முடியாத பலவீனம் எஞ்சினிலேயே இருக்கிறது என்று பொருள்.

பிறகு ஸ்கேனரில், ஏ.சி. இல்லாமலும் ஏ.சி.யுடனும் குறுகிய கால, நீண்ட கால ஃப்யூயல் ட்ரிம் அளவுகள் (ஈ.சி.யூ. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது), கணக்கிடப்பட்ட லோடு, பேட்டரி வோல்ட்டேஜ் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கேனர் ‘மோடு 6’ தரவை (ஈ.சி.யூ.வின் உள்சோதனை முடிவுகளை) காட்டுமானால், சிலிண்டர் வாரியான மிஸ்ஃபயர் (எரியத் தவறுதல்) எண்ணிக்கையையும் பாருங்கள். விளக்கு எரியாததை வைத்து மிஸ்ஃபயர் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் விளக்கு எரியும். அதற்குக் கீழே இருப்பதை ஈ.சி.யூ. எண்ணி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

குளிர்காற்று எழுதியது:

மேலே நண்பர் எஞ்சின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் கேஸ் பக்கத்தைச் சொல்கிறேன். கம்ப்ரசர் எஞ்சினிடமிருந்து எவ்வளவு சக்தியைப் பிடுங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது உயர் அழுத்தப் பக்கத்தின் அழுத்தம். வண்டி நிற்கும்போது, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்குக் காற்றைத் தருவது முன்னால் உள்ள ஃபேன் ஒன்றுதான். அது சுற்றாமலோ மெதுவாகச் சுற்றினாலோ, கண்டன்சர் மடிப்புகளில் மண்ணும் பூச்சிகளும் அடைத்திருந்தாலோ, கேஸை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தாலோ அழுத்தம் எகிறும், எஞ்சின் திணறும். ஓடும்போது எதிர்காற்று வந்துவிடுவதால் அதே வண்டியில் ஒன்றும் தெரியாது. ‘ஓடும்போது குறை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குறிப்பு இதற்கும் பொருந்துகிறது.

அழுத்தம் அளக்கும் கேஜ் இல்லாமலேயே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஏ.சி. ஓடிக் குலுங்கிக்கொண்டிருக்கும்போது, முன் கிரில் வழியாகக் கண்டன்சர் முழுவதும் படும்படி தண்ணீரைத் தூறலாகத் தெளியுங்கள். கண்டன்சர் குளிர்ந்து அழுத்தம் மளமளவென்று இறங்கும். ஒரு நிமிடத்துக்குள் குலுக்கம் கணிசமாகக் குறைந்தால் கோளாறு அழுத்தத்தில் இருக்கிறது; ஃபேனையும் கேஸ் அளவையும் பாருங்கள். துளியும் மாறவில்லையென்றால் கேஸ் பக்கத்தை ஏறக்குறைய விட்டுவிடலாம்.

கம்ப்ரசர் இறுகிவிட்டது என்பதையும் எளிதாகச் சோதிக்கலாம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான எதிர்ப்போடு வழுவழுவென்று சுற்ற வேண்டும்; கரகரத்தாலோ ஓரிடத்தில் சிக்கினாலோதான் கம்ப்ரசரைச் சந்தேகிக்க வேண்டும். (கிளட்ச்சே இல்லாமல் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் உள்ள வண்டிகளில் இந்தச் சோதனை பயன்படாது. உங்களுடையதில் ‘டக்’ சத்தம் வருவதால் கிளட்ச் இருக்கிறது.)

கேஸ் பற்றி ஒரு வேண்டுகோள். அதன் அளவை எடையால்தான் சொல்ல வேண்டும். பானெட்டின் கீழ் ஒட்டியிருக்கும் சீட்டில் கிராம் கணக்கில் போட்டிருப்பார்கள். அழுத்தத்தை மட்டும் பார்த்து ‘கொஞ்சம் ஏற்றிவிடலாம்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நடுரோடு எழுதியது:

மவுண்டிங் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். மவுண்டிங் கெட்டால் எஞ்சினின் இயல்பான அதிர்வு வடிகட்டப்படாமல் உள்ளே வரும். அது சீரான, ஒரே தாளத்திலான ரீங்காரமாக இருக்கும். நீங்கள் ‘சீரில்லாத குலுக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது மவுண்டிங்கின் குணம் அல்ல. இருந்தாலும் டார்ச் அடித்துப் பாருங்கள்: ரப்பர் கிழிந்திருக்கிறதா, திரவம் அடைத்த வகையாக இருந்தால் கறுப்பாக எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். குறையில்லாத மவுண்டிங்கைக் கழற்றி, மலிவான கெட்டி ரப்பரைப் போட்டுக்கொண்டு, முன்பைவிட அதிகமாக ஆடுகிறது என்று புலம்பியவர்கள் பலர்.

சாலைவாசி எழுதியது:

பொறுமையாக விளக்கிய மூவருக்கும் நன்றி. சொன்னவை அனைத்தையும் செய்து பார்த்தேன்.

ஏ.சி. இல்லாமல் 800-ல் பிடித்து நிறுத்தியபோது குலுக்கம் இல்லை. மின்சுமைகளை மட்டும் போட்டபோது லேசாக, ஆனால் அதே மாதிரி விட்டுவிட்டு வந்தது. தண்ணீர் தெளித்ததில் எந்த மாற்றமும் இல்லை. ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது. கிளட்ச் தட்டு வழுவழுவென்று சுற்றுகிறது. மவுண்டிங்கில் கிழிசலோ கசிவோ கண்ணுக்குப் படவில்லை.

ஸ்கேனரில் ஏ.சி. இல்லாதபோது நீண்ட கால ட்ரிம் +2, குறுகிய கால ட்ரிம் பூஜ்ஜியத்தை ஒட்டி ஆடுகிறது. லோடு 22 சதவீதம். ஏ.சி. போட்டதும் லோடு 33 ஆகிறது. குறுகிய கால ட்ரிம் +8, +9 வரை போகிறது. வோல்ட்டேஜ் இரண்டு நிலையிலும் 14-ஐ ஒட்டியே இருக்கிறது. மோடு 6-ல் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை தெரிகிறது. மற்ற மூன்றும் பூஜ்ஜியம். ட்ரிம் கூடுகிறதே, இன்டேக்கில் எங்காவது காற்றுக் கசிவு இருக்குமா? மூன்றாம் சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்ற வேண்டி வருமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

அருமையான அளவீடுகள். காற்றுக் கசிவு என்றால் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகமாக இருப்பது சுமையில்லாத ஐடிலில்தான். கசிவு வழியாக வரும் காற்றின் பங்கும் அப்போதுதான் மிகுதி. ஆகவே காற்றளவு சென்சார் உள்ள எஞ்சினில் கசிவு இருந்தால் ஏ.சி. இல்லாதபோதே ட்ரிம் +10-க்கு மேல் நிற்கும். சுமை ஏற ஏற, அல்லது 2,500 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோனால், அது பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். உங்களுக்கு நேரெதிராக, சுமை வந்தபோதுதான் ட்ரிம் ஏறுகிறது.

அது ஏறுவதற்கும் மிஸ்ஃபயருக்கும் தொடர்பு உண்டு. மூன்றாம் சிலிண்டர் ஒருமுறை எரியத் தவறினால், அதிலிருந்த காற்று பயன்படுத்தப்படாமல் அப்படியே எக்ஸாஸ்டுக்குப் போகிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு எரியாத பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது. மிஞ்சிய ஆக்சிஜனை மட்டுமே பார்க்கும். பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்ல, ஈ.சி.யூ. நான்கு சிலிண்டர்களுக்கும் கூட்டி ஊற்றுகிறது. எனவே அந்த +9 பெரும்பாலும் விளைவுதான். அதைக் காரணமாக எடுத்துக்கொண்டு எதையும் கழற்றாதீர்கள்.

சுமை வந்தால் மட்டும் ஒரு சிலிண்டர் தவறுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது தீப்பொறியை. லோடு 22-லிருந்து 33-க்குப் போகும்போது சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறையும் கூடுதலான காற்று அடைபடுகிறது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் முன்பைவிட உயர்ந்த வோல்ட்டேஜைத் தர வேண்டியிருக்கிறது. பிளக்கின் வெளிப்பீங்கானிலோ, பிளக்கின் மேல் மாட்டும் காயிலின் ரப்பர் உறையான பூட்டிலோ மின்ஒழுக்கு இருந்தால், குறைந்த வோல்ட்டேஜில் ஒழுங்காகப் பாய்ந்த பொறி, அதிக வோல்ட்டேஜ் தேவைப்படும்போது உள்ளே பாயாமல், சுலபமாக இருக்கும் வெளிவழியைத் தேடிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயில் வால்வை மூட மூட, எங்கோ இருக்கும் பழைய ஓட்டையில் பீச்சுவதைப் போன்றதுதான் இது.

ஓடும்போது தெரியவில்லை என்றீர்கள். 800 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழு முறைகூட எரிவதில்லை. அதில் ஒன்று தவறினால் உடம்பு உணர்ந்துவிடும். 2,500-ல் நொடிக்கு இருபது முறைக்கு மேல் எரிகிறது. ஒன்றிரண்டு தவறினாலும் கார் ஓடும் வேகத்தில் அது கரைந்துவிடும். ஆளில்லாத, பாதுகாப்பான நேர்ச்சாலையில், நான்காம் கியரில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்திப் பாருங்கள். எஞ்சினுக்கு மிகக் கடினமான நிலை அது. தீப்பொறிதான் குறை என்றால் அங்கே வெட்டி வெட்டி இழுக்கும்.

இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன், மூன்றாம் சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் போட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது. மிஸ்ஃபயர் முதல் சிலிண்டருக்குப் போனால் காயில். மூன்றிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் தேட வேண்டும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதற்காக, ஓடும் எஞ்சினில் காயிலின் கனெக்டரைப் பிடுங்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். அப்படிச் செய்தே ஆக வேண்டுமானால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

சாலைவாசி எழுதியது:

நான்காம் கியர் சோதனையில் நீங்கள் சொன்னபடியே மெல்லிய வெட்டல் இருக்கிறது. இத்தனை நாளும் அதைச் சாலையின் குணம் என்றே நினைத்திருக்கிறேன். ஆனால் காயிலை இடம் மாற்றியதில் குழப்பம் கூடிவிட்டது. இப்போது முதல் சிலிண்டரிலும் எண்ணிக்கை வருகிறது, மூன்றாம் சிலிண்டரிலும் வருகிறது! நல்ல காயிலைப் போட்ட மூன்றாம் சிலிண்டர் ஏன் தவற வேண்டும்?

பழைய ஸ்பேனர் எழுதியது:

குழப்பமே இல்லை, குறை காயில் பூட்டிலும் இருக்கிறது, பிளக்கிலும் இருக்கிறது என்பதுதான் விடை. மூன்றாம் பிளக்கைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், அறுகோணத் தலைக்கு மேலே உள்ள வெள்ளைப் பீங்கானைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். மேல்முனையிலிருந்து உலோகத் தலை வரை, பென்சிலால் கிழித்ததுபோல் தலைமுடி அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அதுதான் கார்பன் தடம். துணியால் துடைத்தால் போகாது. பொறி வெளிப்புறமாகப் பாய்ந்து பாய்ந்து எரித்த வழி அது. ஒருமுறை உண்டாகிவிட்டால் அடுத்த பொறிக்கும் அதே வழிதான் சுலபம். உலோகத் தலையை ஒட்டிச் சுற்றிலும் பழுப்பு வளையம் போன்ற கறை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது நல்ல பிளக்கிலும் வரும்.

பிறகு, மூன்றிலிருந்து முதலாம் சிலிண்டருக்கு மாற்றிய காயிலின் பூட்டைக் கழற்றி, உள்சுவரை டார்ச் வைத்துப் பாருங்கள். பீங்கானில் கோடு இருந்தால், அதற்கு நேர் எதிரே ரப்பரிலும் சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ ஒரு கோடு இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதில் உள்ள தடம் புதியதிலும் விரைவில் ஒரு தடத்தை எழுதிவிடும். நிறையப் பேர் பிளக்கை மாற்றியும் தீரவில்லை, காயிலை மாற்றியும் தீரவில்லை என்று அலைவது இதனால்தான்.

பிளக் இருக்கும் குழியையும் பாருங்கள். வால்வ் கவரின் சீலிலிருந்து எண்ணெய் இறங்கியிருந்தாலோ, பானெட்டைக் கழுவும்போது தண்ணீர் புகுந்திருந்தாலோ அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்து முறுக்கியதால் பீங்கான் விரிந்திருப்பதும் உண்டு.

சாலைவாசி எழுதியது:

கோடு இருக்கிறது! மூன்றாம் பிளக்கின் பீங்கானில் மேலிருந்து கீழாக, சற்று வளைந்து, நகத்தால் சுரண்டினாலும் போகாத கறுப்புக் கோடு. பூட்டின் உள்ளேயும் அதே உயரத்தில் சாம்பல் தடம். குழி உலர்ந்துதான் இருக்கிறது. ஆனால் பூட்டின் ரப்பர் கெட்டியாகி, வாய்ப்பக்கம் நுண்ணிய வெடிப்புகள் விட்டிருக்கிறது. மூன்றாம் பிளக்கையும் அந்த பூட்டையும் புதிதாகப் போட்டேன். காயிலில் குறை இல்லை என்பதால் அதையே வைத்துக்கொண்டேன்.

ஏ.சி.யை உச்சத்தில் வைத்து நெடுநேரம் ஐடிலில் விட்டும், மோடு 6-ல் நான்கு சிலிண்டர்களும் பூஜ்ஜியம். குறுகிய கால ட்ரிம், ஏ.சி. போட்டாலும் +2-ஐத் தாண்டவில்லை. கண்ணாடி ஆடவில்லை. ஆனால் கம்ப்ரசர் பிடிக்கும்போது முள் விழுவது மட்டும், முன்பைவிடக் குறைவாக, இன்னும் இருக்கிறது.

பழைய ஸ்பேனர் எழுதியது:

எதிர்பார்த்ததுதான், அது முதலிலேயே சொன்ன அந்தத் தனிக் குறை. திராட்டிலைச் சுத்தம் செய்த பிறகு ஐடில் அளவை ஈ.சி.யூ.வுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில வண்டிகளில் அதற்கு ஸ்கேனரில் தனிக் கட்டளை உண்டு. பல வண்டிகளில், எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க, எல்லா மின்சுமையையும் அணைத்துச் சில நிமிடங்கள் ஐடிலில் விட்டு, பிறகு ஏ.சி. போட்டு அதேபோல் விட்டால் தானாகவே கற்றுக்கொள்ளும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் எந்த முறை கொடுத்திருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். இடையில் பேட்டரி இணைப்பைக் கழற்றினால் பல வண்டிகளில் கற்றது அழிந்துபோகும்.

மற்ற மூன்று பூட்டுகளும் அதே வயதுடையவைதானே? அவற்றின் ரப்பரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகியிருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். பூட்டின் வாய்க்குள் மின்கடத்தாக் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவி, காயிலை நேர்க்குத்தாக, அடிவரை உட்காரும்படி அழுத்துங்கள். பிளக்கை முதலில் கையாலேயே முறுக்கி, கடைசிச் சுற்றுக்கு மட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.